காதைக் கழற்றி வைக்கும் இன்ஷிரா அக்கா

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இன்ஷிரா அக்கா கேட்டுவிடுவார்: "இந்த வீட்டுல யாரு, எங்க உக்காந்து அழுவீங்க?"

வைஃபை எட்டவில்லை என்று கூப்பிட்டால் வந்து இப்படிக் கேட்கிறாரே என்று வீட்டுக்காரி விழிப்பாள். "முழிக்காத கண்ணு. உன் மவன் குவைத்துல, தங்கச்சி ஜித்தாவுல. போன் வந்தா தூக்கிக்கிட்டு எந்த மூலைக்கு ஓடுவே? அதைக் காட்டு. சிரிக்கிறவங்க எல்லாரும் கூடத்துலதான் இருப்பாங்க, அங்க சிக்னல் தானா வரும். அழுறவங்க இருக்கிற இடத்துக்குத்தான் நான் வரணும்."

காட்டிய மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். கட்டில் விளிம்போ, சமையலறை முக்காலியோ, துணி காயும் பால்கனியோ, எங்கே காட்டினாலும் அங்கே. கையிலுள்ள போனைப் பார்த்து "ச்சு ச்சு" என்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் மாதிரி. அதன் பிறகுதான் பையைத் திறப்பார்.

அலெக்சாந்திரியாவில் எங்கள் அத்தாரீன் பேட்டைக் கட்டடங்களைக் கட்டிய இத்தாலியக் கொத்தனார்கள் பீரங்கிக் குண்டு வரும் என்று நினைத்துக் கட்டியிருப்பார்கள் போல. சுவரெல்லாம் ஒரு முழக் கனம். நடைபாதையோ ரயில் பெட்டி நீளம். டெலிபோன் கம்பி வாசல் பக்கத்தில் உள்ளே வருகிறது. ரவுட்டரும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து நாலு சுவர் தாண்டி, கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட கூண்டைப் பார்த்த பின்னறைக்குப் போவதற்குள் சிக்னலுக்கு மூச்சு முட்டிவிடும். அந்தக் கூண்டுக்குள் செல்போன் கோபுரமும் எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கு இன்ஷிரா அக்காவின் வைத்தியம் ஒன்றுதான்: இரண்டாவது ரவுட்டர். புதிதாக வாங்கவிட மாட்டார். "உன் பீரோ மேல பழசு ஒண்ணு தூசி தின்னுக்கிட்டிருக்கும், எடு" என்பார். இருக்கும். எங்கள் ஊரில் யாரும் எதையும் தூக்கி எறிவதில்லையே! தலையை மூடிய வெள்ளைத் துணியிலிருந்து ஒரு ஊசியை உருவி, பழைய ரவுட்டரின் முதுகிலிருக்கும் சின்னத் துளைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'குல்ஹுவல்லாஹு' ஒரு தடவை ஓதி முடிப்பார். பத்து விநாடி சரியாக இருக்கும். பழைய வீட்டு ஞாபகமெல்லாம் அதற்கு மறந்துபோகும். ஊசி மறுபடி தலைக்குப் போய்விடும்.

அடுத்த வேலை அதன் அதிகாரத்தைப் பிடுங்குவது. வீட்டிலுள்ள போன்களுக்கெல்லாம் முகவரி கொடுப்பது முதல் ரவுட்டரின் வேலை. இரண்டாவதும் அதே வேலையைச் செய்ய ஆரம்பித்தால் வீடே திண்டாடும். "ஒரே வீட்டுல ரெண்டு மாமியா சாவிக்கொத்தோட திரிஞ்சா சமையல் நடக்குமா? சின்னவ கையிலேந்து சாவியை வாங்கிடணும். பேரு மட்டும் குடும்பப் பேரே இருக்கட்டும், பாஸ்வேர்டும் அதுவே இருக்கட்டும். போனு எந்த ரூமுக்குப் போனாலும் 'நம்ம வீடுதான்'னு நெனைச்சுக்கும்." இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிளை, சுவரின் அடியோரமாக, சாணுக்கு ஒரு கிளிப் வைத்து அடித்துக்கொண்டே போவார். கேபிள் இல்லாமல் காற்றிலேயே வாங்கி அனுப்பும் கருவிகள் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. "காதுல வாங்கி வாயால ஒப்பிக்கிறது அது. வழியிலயே பாதி விஷயம் வத்திப்போயிடும்."

கடைசி முனையில் எட்டு முழ நீளம் கேபிளைச் சுருட்டி விட்டுவைப்பார். ஏன் என்று கேட்டால், "கட்டிலை நகத்துவீங்க, பொண்ணைக் கட்டிக் குடுப்பீங்க, மருமவ வந்து எல்லாத்தையும் மாத்துவா" என்பார். ரவுட்டரின் தலையில் ஒரு காகிதம் ஒட்டுவார்: 'தண்ணீர் ஊற்றிக் கழுவாதே.' சிரிக்காதீர்கள், கழுவியிருக்கிறார்கள்.

அறுபத்து நாலு வயது. கணவர் தவறிப்போய்ப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. ஆண் மெக்கானிக்கை வீட்டுக்குள் விடத் தயங்கும் பெண்கள், அதாவது புருஷன் கடல் தாண்டி இருக்கும் பெண்கள், எங்கள் தெருவில் பாதிப் பேர். அவர்களுக்கெல்லாம் இன்ஷிரா அக்காதான். கூலி என்று வாய் திறந்து கேட்டதில்லை. மிளகு தூக்கலாக ஒரு தட்டு பாகலா அவரை, ஒரு கண்ணாடித் தம்ளர் தேநீர். நாக்கு மட்டும் பொல்லாதது. என் வீட்டு வேலைக்கு வந்தவர், நான் ரவுட்டரை ஃபிரிட்ஜ் மேல் பாத்திரங்களுக்கு நடுவே வைத்திருந்ததைப் பார்த்து, "டீச்சர், நீங்க பூகோளம்தானே சொல்லிக் குடுக்கறீங்க? மலைக்குப் பின்னாடி மழை பெய்யாதுன்னு பாடம் இல்லியா?" என்றார். நான் பாத்திரங்களை விலக்கி ரவுட்டரை இறக்கிக் கொடுத்தேன்.

ஆனால் இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் அல்ல. வேலை முடிந்ததும் அவர் செய்யும் ஒரு காரியத்துக்காக. சோதனைக்காக அந்த வீட்டுக்காரியின் ஆளையே கூப்பிடச் சொல்வார். திரையில் முகம் தெளிந்து, முதல் 'ஹலோ' கேட்டதும், "லைன் கிடைச்சாச்சு, பேசுங்க" என்பார். அடுத்த கணம் அறையில் இருக்க மாட்டார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, இல்லாத பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். வெளியேற வழியில்லாத அறையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். சின்னப் பிள்ளை மாதிரி. தெருக் கல்யாணங்களில்கூட அவர் குலவையிட்டு நான் கேட்டதில்லை. கை மட்டும் தட்டுவார். "என் சத்தம் அடுத்தவங்க லைன்ல விழக் கூடாது" என்பார்.

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பலகையில் இருந்தவர். ஒரு நாள் மாடியில் முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாகச் சொன்னார்.

"எண்பத்தி மூணு. பாக்தாத்துலேந்து ஒரு கொத்தனாரு. இந்தப் பக்கம் அவன் பொஞ்சாதி. எருமை கன்னு போட்டுச்சா, கூரை ஒழுகுதான்னு பேசிக்கிட்டிருந்தான். அப்புறம் குரலு மாறிச்சு. 'ஃபஹீமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்'ன்னான். அப்பவே நான் ஹெட்போனைக் கழட்டி காதை எடுத்திருக்கணும். எடுக்கல. இருபத்திரண்டு வயசு, கதை கேக்குற வயசு. அவன் சொல்ல ஆரம்பிச்ச விதத்துலயே எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. ஒரே ஒரு விசும்பல்தான் டீச்சர். அவன் காதுல விழுந்திடுச்சு. 'லைன்ல யாரோ இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம், உடம்பைப் பாத்துக்க'ன்னுட்டு வச்சிட்டான். அந்த நம்பருக்கு அங்கேந்து மறுபடி லைன் கேப்பான்னு ஒரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். கேக்கவே இல்ல. அன்னிலேந்து ஒண்ணுதான். கோத்து விடு, காதைக் கழட்டி வை."

என்ன சொல்ல வந்தானோ அந்தக் கொத்தனார். கதையை முடித்துவிட்டு அக்கா கீரைக் காம்புகளை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எடுத்தார்.

போன மாதம் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி வஹ்பி அண்ணன் வீட்டு வேலை வந்தது. வஹ்பி அண்ணன் டிராம் ஓட்டியவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பின்னறையில் பித்தளைக் கட்டில். அதுதான் அவர் உலகம். ஒரே மகள் நிஹால் மஸ்கட்டில் நர்ஸ். அவளோடு வேலை பார்க்கும் மன்சூரா ஊர்ப் பையனோடு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கேயே நிக்காஹ். இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு வஹ்பி அண்ணன் பெருவிரல் ரேகை வைத்து, தன் சார்பில் மகளைக் கட்டிக் கொடுக்க அதிகாரம் கொடுத்தாயிற்று. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் நிஹால் அப்பாவின் பிடிவாதத்துக்கு வாய்த்த மகள். "அப்பா என் மூஞ்சியைப் பாத்துத் தலையாட்டினாத்தான் கையெழுத்துப் போடுவேன். இல்லாட்டி அவர் என்னைப் பாக்குற நாள் வரைக்கும் நான் குமரியாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு உள்ளவனுக்கு டெலிபோன் போதும். அவருக்கு முகம்தானே பேச்சு!

கூடத்துக்குத் தூக்கி வந்தால் சிக்னல் இருக்கிறது. நிச்சயத்து அன்று ஆறு பேர் நாற்காலியோடு அப்படித்தான் தூக்கினார்கள். நடைபாதைத் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, அவர் சுவரில் மோதி, சம்பந்தி வீட்டார் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். அன்று கண்ணை மூடியவர் மகள் எத்தனை கூப்பிட்டும் திறக்கவில்லை. இனி கூடம் என்ற பேச்சே கூடாது.

புதன்கிழமை இன்ஷிரா அக்கா வந்தார். என் பீரோ மேலிருந்த பழைய ரவுட்டர்தான் உதவிக்கு வந்தது, எனக்கும் பெருமை. கேபிள் நடைபாதை முழுக்க ஓடியது. பின்னறை வாசலுக்கு மேலே ஓர் ஆணி, அதில் ரவுட்டர். போனில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. அண்ணன் மனைவி தவ்லத் மேலுதட்டில் கையை வைத்துக் குலவையிட ஆரம்பித்தாள். "அடியே, அடக்கு! நாளைக்கு வச்சுக்க" என்று அக்கா அதட்டினார்.

இனி நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். தவ்லத் வீட்டில் ஒரு நீஷ் இருக்கிறது. எங்கள் மணப்பெண்கள் எல்லாரும் கொண்டுவரும் கண்ணாடி அலமாரிதான். உள்ளே பீங்கான் கோப்பைகள், பின்பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி, மேலே ஒரு விளக்கு. அந்தக் கோப்பையில் யாரும் காப்பி குடிக்கக் கூடாது, பார்க்கத்தான். வீட்டில் எது உயர்ந்ததோ அது நீஷுக்குள் போகும். தவ்லத்தின் நீஷில் ஜம்ஜம் தண்ணீர்ப் புட்டி, வஹ்பி அண்ணன் ஓட்டிய டிராமின் பித்தளைப் பிடி, நிஹாலின் நர்ஸ் சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன. வியாழக்கிழமை மத்தியானம் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தவ்லத் ரவுட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், ஊரே சர்பத் குடிக்க வரப்போவுது. என் பொண்ணு மூஞ்சியைக் கொண்டாந்து குடுக்குற பெட்டி இது. இப்படி வாசல்ல தொங்க விட்டா கண்ணு படாதா?"

"படும்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

நீஷ் பின்னறை வாசலை ஒட்டித்தான் நிற்கிறது. அக்கா விட்டுவைத்த கேபிள் தாராளமாக எட்டியது. மின்சாரத்துக்கு நீஷ் விளக்கின் சாக்கெட். தங்கக் கரை போட்ட பன்னிரண்டு கோப்பைகளுக்கு நடுவில் ரவுட்டரை உட்கார்த்தி, கண்ணேறு படாமலிருக்க ஒரு நீல மணியையும் மாட்டி, பூட்டிச் சாவியை மார்புத் துணிக்குள் போட்டுக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அஸர் முடிந்து எல்லாரும் பின்னறையில் கூடினோம். வஹ்பி அண்ணனுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் நிமிர்த்திச் சாய்த்திருந்தார்கள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிஹாலின் முகம் வந்தது. கருஞ்சிவப்பு உதடும் வெள்ளைத் துணியுமாக... அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி. அப்புறம் சதுரம் சதுரமாக உடைந்தது. "அப்... பா... கேக்கு..." அவ்வளவுதான்.

"கண்ணு பட்டுடுச்சு" என்றது ஒரு குரல். "போனை ஜன்னல் பக்கம் தூக்குங்க" என்றது இன்னொன்று. மஸ்கட்டில் நிக்காஹ் எழுதுபவருக்கு மஃக்ரிப் தொழுகைக்குள் இன்னொரு வீடு இருக்கிறதாம். இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார் என்று சித்தப்பா கத்துவது துண்டு துண்டாகக் கேட்டது. "நாலு பேரு பிடிங்கப்பா, கூடத்துக்குத் தூக்கிடலாம்" என்று தவ்லத்தின் தம்பி சட்டைக் கையை மடித்தான்.

வஹ்பி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இறுக்கி.

நான் போனைத் தவ்லத்தின் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். இன்ஷிரா அக்கா அங்கேதான் இருந்தார், சர்பத்தைக் கலக்கியபடி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. "லைன் போச்சு அக்கா!"

ஒரு கேள்வி கேட்கவில்லை. கரண்டியைப் போட்டார். வாசல் பக்கத்து ரவுட்டருக்குப் போய், குனிந்து, கேபிளின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். விரலைத் தேய்த்துக்கொண்டே நடைபாதை முழுக்கக் குனிந்தபடி ஓடிவந்தார். பின்னறை வாசலில் ஆணி வெறுமனே இருந்தது. விரல் கேபிளோடு திரும்பி நீஷின் கதவிடுக்கில் போய் நின்றது.

"அல்லாவே! பாங்கு சொல்றவரை அலமாரியில வச்சா பூட்டுவீங்க? பின்னாடி நிலைக்கண்ணாடி வேற, சிக்னலைத் திருப்பியில்ல அடிக்கும்! எவடி இந்த யோசனைக்காரி?"

தவ்லத் நெஞ்சில் அடித்துக்கொண்டே சாவியைத் தேடினாள். நான் தரையைப் பார்த்தேன்.

கதவு திறந்ததும் அக்கா கோப்பைகளை விலக்கி ரவுட்டரை வெளியே எடுத்தார். ஆணிக்குக் கொண்டுபோனால் மின்கம்பி எட்டவில்லை. நீஷ் சாக்கெட்டிலேயே மாட்டியிருந்தது. பிடுங்கினால் மறுபடி உயிர் வர மூன்று நிமிடம் ஆகும். கம்பி எட்டிய வரைக்கும் வந்தார். அது சரியாகப் பின்னறை நிலைப்படி. அங்கே நின்று, இரண்டு கையாலும் ரவுட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே பழக்கப்படி எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

சதுரங்கள் ஒன்று சேர்ந்தன. நிஹால் முழுசாக வந்தாள்.

"லைன் கிடைச்சாச்சு, பேசுங்க" என்றார் இன்ஷிரா அக்கா, சுவரிடம்.

"அப்பா! கண்ணைத் திறங்கப்பா. யாரும் உங்களைத் தூக்க மாட்டாங்க. நீங்க உங்க கட்டில்லதான் இருக்கீங்க. நான்தான் வந்திருக்கேன், பாருங்க."

அவர் திறந்தார். திரையில் நிக்காஹ் எழுதும் தலைப்பாகைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண்ணோட தகப்பனாருக்குச் சம்மதமா?" என்றார். வஹ்பி அண்ணன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒருத்தி வீடு கட்டிப் பிள்ளையும் பெற்றுவிடலாம், அவ்வளவு நேரம். பிறகு தலை மெல்ல இறங்கி ஏறியது. தலை நின்ற பிறகும் போர்வையின் கீழ் என்னவோ அசைந்தது. இடது கால். தவ்லத் போனை அதன் பக்கம் சாய்த்தாள். பாதம் அழுந்தியது, மேலெழுந்து, இன்னொரு தடவை அழுந்தியது. டிராம் கிளம்பும் முன் காலடி மணியை இப்படித்தான் இரண்டு தடவை மிதிப்பார். ஐந்து வயது நிஹால் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டுக் கைதட்டியதை இந்தத் தெருவே பார்த்திருக்கிறது.

"மணி அடிச்சிட்டாரு!" மஸ்கட்டிலிருந்து அந்தப் பெண் கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "சித்தப்பா, பாத்தீங்களா, அப்பா ரெண்டு மணி அடிச்சிட்டாரு! கிளம்பலாம்! பேனாவைக் குடுங்க!"

தவ்லத்தால் முடியவில்லை. மேலுதட்டில் கையை வைத்தாள், காற்றுதான் வந்தது. நாங்கள் பத்துப் பேர் இருந்தோம், ஒருத்திக்கும் தொண்டை திறக்கவில்லை.

நிலைப்படியில் இன்ஷிரா அக்காவின் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கை கீழே இறங்கினால் படம் போய்விடும். காதைப் பொத்த வழியில்லை. வாயை மறைக்கவும் வழியில்லை. ரவுட்டரைத் தலைக்கு மேல் தாங்கியபடியே, சுவரைப் பார்த்த முகத்தை அண்ணாந்து, மஸ்கட் வரைக்கும் கேட்கும்படி அவர் குலவையிட்டார்.